கடல் விலகிய கரை: காரையிலிருந்து கல்லமேடு வரை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை கிடையாது. காரை கிராமத்து மேட்டில் நின்று கிழக்கே நேர்கோடு பிடித்துப் போனால், அலையில் கால் நனைய ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போக வேண்டும். அப்படியிருந்தும் கடற்கரைகளைப் பற்றிய பகுதியில் இந்த இரு மாவட்டங்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. கூழாங்கல் கரை, பவளத் திட்டு, சிப்பிப் படுகை, கரை ஒதுங்கிய மரம், சுறாப் பல் என ஒரு கடற்கரையில் இருக்க வேண்டியதெல்லாம் இங்கே இருக்கின்றன. தண்ணீர் மட்டும் இல்லை. சுற்றுலாக் குறிப்புகள் இந்த இடத்தை ‘குட்டி கிராண்ட் கேன்யன்’ என்று அறிமுகப்படுத்துகின்றன. அந்தப் பெயரை நம்பி வருகிறவர்கள் நான்கு படம் எடுத்து, ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சிக்குப் போய்விடுகிறார்கள். அது வந்ததற்குப் பாதிப் பலன்கூட இல்லை. கடற்கரைக்குப் போவதுபோல இங்கே போக வேண்டும். மேற்கிலிருந்து கிழக்காகப் போக வேண்டும். எந்தக் கல்லையும் இடம் மாற்றாமல் வர வேண்டும். ஏனென்றால் இந்த மண்ணில் கல்லைவிட, அந்தக் கல் கிடக்கும் இடத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

மேற்கிலிருந்து கிழக்கு என்பது வசதிக்காகச் சொன்னதில்லை. தென் கண்டங்கள் ஒன்றாக ஒட்டிக்கிடந்து பிரிந்த காலத்தில், இந்தியாவின் கிழக்கு விளிம்பு அமிழ்ந்து கடல் உள்ளே வந்தது. அதன் மேற்கு எல்லையில் இருந்தவை இன்றைய பெரம்பலூர்ப் பக்கத்துப் பழம்பாறைகள். அவற்றின் மேல் கடல் விட்டுப்போன மணலும் சேறும் சுண்ணாம்பும் பாய் விரித்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அந்தப் பாய்கள் கிழக்கு நோக்கி இலேசாகச் சாய்ந்திருப்பதால், மேற்கே மிகப் பழைய அடுக்கு தரைக்கு வருகிறது. கிழக்கே போகப் போக வயது குறைந்த அடுக்குகள் வருகின்றன. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று இந்த அடுக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக 1862-இல் எழுதினார். நம்மூர்ப் பெயர்கள் மூன்றும் அன்றுமுதல் உலகப் புவியியல் நூல்களில் நிலைத்துவிட்டன. ஆக, காரில் ஒரு மணி நேரம் கிழக்கே போகிறவர் மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேலான காலத்தைக் கடக்கிறார். கிழக்கிலிருந்து தொடங்கினால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்த மாதிரி ஆகிவிடும்.

போக்குவரத்து எளிது. பெரம்பலூர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது, ரயில் கிடையாது. அரியலூர் விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இருக்கிறது. ரயிலில் வருகிறவர்கள் அங்கே இறங்கலாம். இரண்டு ஊர்களுக்கும் நடுவே பேருந்துக்குக் குறைவில்லை. ஆனால் காரை, சாத்தனூர், கல்லமேடு போன்ற கிராமங்களுக்கு டவுன் பஸ்ஸை நம்பினால் ஒரு நாளில் ஓர் இடம்தான் பார்க்க முடியும். நான்கு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுப்பதே புத்திசாலித்தனம். முதல் நாள் இரவு பெரம்பலூரில் தங்கி, விடிந்ததும் காரையில் இருப்பதுபோல் கிளம்புங்கள். வெயில் சாய்வாக விழும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் தரையில் கிடக்கும் சிறு பொருள்களுக்கு நிழல் விழும், கண்ணுக்குத் தட்டுப்படும். பத்து மணிக்கு மேல் எல்லாம் ஒரே வெளிறிய மண்ணாகத் தெரியும்.

காரை–குளக்காநத்தம் நிலப்பரப்பு முதல் பார்வைக்கு எதுவுமே இல்லாத இடம். மழை அறுத்த களிமண் மேடுகள், அவற்றுக்கு நடுவே இடுப்பளவு முதல் ஆளுயரத்துக்கு மேலான ஓடைப் பள்ளங்கள், அங்கங்கே சீமைக்கருவேலம். பெயரில் ‘கரை’ ஒலிப்பதை வைத்துக் கதை கட்டவும் வேண்டியதில்லை. சான்று காலடியிலேயே இருக்கிறது. ஓர் ஓடையின் சரிவில் குந்தி உட்கார்ந்து, ஒரு முழம் சதுரத்தை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல் மின்னுவது ஜிப்சம்; களிமண்ணின் வெடிப்புகளில் தகடு தகடாக வளர்ந்தது. தேன் நிறத்தில் பென்சில் முனைபோல் உருண்டு கூராக இருப்பது பெலெம்னைட். கணவாயின் உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. விலா எலும்புபோல் வரிவரியாக வளைந்த துண்டு அம்மோனைட் ஓட்டின் பகுதி. அம்மோனைட் நமக்குப் புதிதில்லை. வைணவ வீடுகளில் பூசைப் பெட்டியில் இருக்கும் சாளக்கிராமம், நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்தான். இவை எல்லாம் கரையை விட்டுச் சற்றுத் தள்ளி, அலை அடங்கிய சேற்றுத் தரையில் படிந்தவை. களிமண் இவ்வளவு நுண்ணியதாக இருப்பதே அதற்குச் சான்று. அலை அடிக்கும் இடத்தில் இந்த மாவு தங்காது.

கூழாங்கல் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த வட்டாரத்தில் உருண்டைக் கல் மூன்று வகை. முதலாவது உண்மையான கரைக்கல். பழம்பாறை உடைந்து, அலையிலும் ஆற்றிலும் உருண்டு மழுங்கி, மணலோடும் சுண்ணாம்போடும் இறுகிக் கட்டியாக நிற்பது. உடைந்த முகத்தைப் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே பாறையாக இருக்கும். இரண்டாவது பாஸ்பேட் உருண்டை. பழுப்பும் கருப்புமாக, கையடக்கத்தில், அளவுக்கு மீறிய கனத்தோடு காரைக் களிமண்ணில் கிடக்கும். மூன்றாவது, செத்துப்போன ஓர் உயிரையோ ஓட்டுத் துண்டையோ சுற்றிச் சேறு அடுக்கடுக்காக இறுகி வளர்ந்த உருண்டை. இது தேங்காய் அளவிலிருந்து ஆள் தூக்க முடியாத அளவு வரை இருக்கும். 2020-இல் குன்னம் பக்கம் குளம் தூர்வாரும்போது இவ்வகை உருண்டைகள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவி ஊரே திரண்டது. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கடல் படிவம் என்றார்கள். உருவத்தை மட்டும் பார்த்தால் முட்டை என்பதில் தப்பில்லை. எந்த அடுக்கில் கிடந்தது என்று கேட்டிருந்தால் சந்தேகம் முதலிலேயே தீர்ந்திருக்கும். கடலடிச் சேற்றில் டைனோசர் முட்டையிடாது. இதையே மறுபக்கமாகவும் பாருங்கள். செந்துறைப் பக்கம் முட்டைப் புதைபடிவங்களைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் அறிவித்தபோது, உலகம் காதுகொடுத்துக் கேட்டதற்குக் கிடந்த இடமும் ஒரு காரணம். அங்கே நிலத்தில் படிந்த அடுக்குகளும் உண்டு.

காரைக்குக் கிழக்கே சாத்தனூர். கல்மரம் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் இந்த மரத்தைப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகத்துக்குத் தெரிவித்தார். இன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக வேலியிட்டுப் பாதுகாக்கிறார்கள். பூக்காத, ஊசியிலை இனத்து மரம். வந்தவர்கள் நீளத்தை அளந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: மரத்துக்குக் கடலடி மணலில் என்ன வேலை? கிளையும் இலையும் இல்லாத வெறும் தண்டு. சுற்றிலும் கடல் படிவம். கரைக்காட்டிலிருந்து வெள்ளம் இழுத்து வந்து, கடலில் மிதந்து, நீர் ஊறி அமிழ்ந்து, மணல் மூடி, மரத்தின் நாரெல்லாம் சிலிக்காவாக மாறியிருக்கிறது. இதே தண்டு சென்னையில் ஒரு மண்டபத்தில் கிடந்தால் ‘பெரிய கல்மரம்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. வயது விஷயத்திலும் இடம்தான் தீர்ப்புச் சொல்கிறது. பல இடங்களில் 12 கோடி ஆண்டு என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். மரம் கிடக்கும் அடுக்கோ திருச்சிராப்பள்ளித் தொகுதி; காரைக் களிமண்ணுக்கு மேலே வருவது. அதை வைத்துப் பார்த்தால் 9 கோடியை ஒட்டிச் சொல்வதே பொருத்தம். மூன்று கோடி ஆண்டு குறைந்ததால் மரத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

பவளம் பார்க்க விரும்புகிறவர்கள் தெற்கே கல்லக்குடிக்கு ஒரு நடை போக வேண்டும். இது திருச்சி மாவட்டம். 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி நடந்த போராட்டத்தால் இந்த ஊரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். பெயருக்குக் காரணமான சிமென்ட் ஆலை 1939-இல் அங்கே வந்ததற்குக் காரணம் பழங்கடல் என்பது பலருக்குத் தெரியாது. கரையோரம் ஆழமில்லாத தெளிந்த நீரில் பவளமும் பாசியும் வளர்ந்து கட்டிய சுண்ணாம்புத் திட்டுதான் சுரங்கமாகியிருக்கிறது. ஆனால் சுரங்கத்துக்குள் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. கல்லூரிக் குழுக்கள் முன்கூட்டி எழுதிக் கேட்டுப் போகின்றன. தனியாகப் போகிறவர்கள் இதை விட்டுவிடலாம், பெரிய இழப்பில்லை.

இவ்வளவு அலைச்சல் எதற்கு, அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கேயே எல்லாவற்றையும் நிழலில் பார்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. முழுமையான, சுத்தம் செய்த மாதிரிகளை அங்கேதான் பார்க்க முடியும். காரையில் உங்கள் கண்ணில் படுபவை பெரும்பாலும் உடைசல். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள், நடக்க முடியாதவர்கள் அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. மற்றவர்களுக்கு என் யோசனை: காரையையும் சாத்தனூரையும் பார்த்தபின் வழியில் அங்கே நிறுத்துங்கள். அகராதியை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு யாரும் மொழி பேசப் போவதில்லை. தரையில் பார்த்து இன்னதென்று புரியாமல் விட்ட துண்டுக்கு அங்கே முழு உருவம் கிடைக்கும்போது, அது மறக்காது.

அரியலூருக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட, தான் நிற்கும் இடத்தைச் சுற்றிலும் ஒரு சிப்பிப் படுகை இருப்பதை அறிந்திருக்கமாட்டார். மூலவரே கல் தூண் வடிவில் இருக்கும் கோயில். கல்லுக்கு இங்கே மரியாதை உண்டு. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் ஆழம் குறைந்து, தடித்த ஓட்டுச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. சுண்ணாம்புக் கல் வெட்டிய முகப்பில் அந்தச் சிப்பிகள் செங்கல் வரிசைபோல் நெருங்கிக் கிடக்கும். உள்ளங்கை அளவு ஓடு, குழிந்த பக்கம் ஒன்று, மூடிபோல் தட்டையான பக்கம் ஒன்று. இரண்டு ஓடுகளும் சேர்ந்தபடியே இருந்தால், அந்தச் சிப்பி வாழ்ந்த இடத்திலேயே மண்ணில் புதைந்தது என்று கொள்ளலாம். தனித்தனி ஓடாகச் சிதறிக் கிடந்தால் அலை உருட்டி வந்து சேர்த்தது. ஒரே முகப்பில் இரண்டையும் காணலாம். ஒரு சிப்பியைப் பெயர்த்து எடுத்தால் அந்தச் செய்தி அத்தோடு போயிற்று.

இந்த இடத்தில்தான் வலுவான மறுப்பு வருகிறது. நாள்தோறும் லாரி லாரியாகச் சிப்பியை அள்ளி அரைத்துச் சிமென்ட் ஆக்குகிறார்களே, நான் ஒரே ஒரு கல்லை எடுத்தால் குடி முழுகிவிடுமா? அரசின் தமிழ்நாடு சிமென்ட் ஆலையே 1979 முதல் அரியலூரில் ஓடுகிறது. தனியார் ஆலைகளும் பல. உங்கள் வீட்டுச் சுவரிலும் என் வீட்டுச் சுவரிலும் இந்தச் சிப்பி இருக்கக்கூடும். ஆகவே சுரங்கத்தைத் திட்டிவிட்டுச் சுற்றுலாப் பயணியை மட்டும் நல்லவராக்குவது போலித்தனம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. சுரங்கம் சுண்ணாம்பு அடுக்கைத் தின்கிறது. அந்த அடுக்கின் முகப்பைத் திறந்தும் காட்டுகிறது. ஆய்வாளர்கள் பல கண்டுபிடிப்புகளைச் சுரங்க முகப்புகளில்தான் செய்திருக்கிறார்கள். காரைக் களிமண்ணில் நடப்பது வேறு. அங்கே புதைபடிவங்கள் மேற்பரப்பில் மெல்லிய தூவலாகக் கிடக்கின்றன. வருகிறவர்கள் தேர்ந்தெடுத்து எடுப்பதும் முழுமையான, அழகான துண்டுகளையே. வாரம் ஐம்பது பேர் ஆளுக்கொன்று எடுத்தால், மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத உடைசல்தான்; அதைப் பார்க்கும் அடுத்த ஆய்வாளர், இங்கே முழு உயிரினங்களே இல்லை என்று தப்புக் கணக்குப் போடுவார். அதிக அளவில் எடுப்பதைவிடப் பொறுக்கி எடுப்பது சில வேளை அதிகம் கெடுக்கும்.

கைவிட்ட சுரங்கக் குழிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மழைக்காலத்துக்குப் பிறகு இவற்றில் நீலப்பச்சையாக நீர் நிற்கும். பார்க்கக் கடற்கரைக் குளம்போலவே இருக்கும். உப்பு நீர் இல்லை, மழைநீர்தான். ஆனால் சரிவான கரை கிடையாது. செங்குத்தாக வெட்டிய சுவர். இறங்கினால் ஏறப் பிடிமானம் இருக்காது, விளிம்பு மண் நின்ற இடத்திலேயே பெயரும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: தூரத்திலிருந்து பாருங்கள், இறங்காதீர்கள். ஓடும் சுரங்கங்களின் பக்கம் வெடி வைக்கும் நேரம் வேறு உண்டு. சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் முந்துவதற்கு வழிவிட்டுப் போங்கள். இருட்டியபின் இந்தச் சாலைகளில் இரு சக்கர வண்டி வேண்டாம்.

கடைசி இடம் கல்லமேடு. பார்ப்பதற்கு மிகக் குறைவாகவும் யோசிப்பதற்கு மிக அதிகமாகவும் உள்ள இடம் இதுதான். கடல் பின்வாங்கி ஆறுகள் பாய்ந்த காலத்து மண் இது. டைனோசர்களின் கடைசிக் காலம். இங்கே கிடைத்த பேரெலும்புகளை வைத்துப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். பெருத்த உடல்கொண்ட பல்லி என்று பொருள். கணைக்கால் எலும்பே இரண்டு மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று கருதினார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையில் ஊறி, உதிர்ந்து அழிந்துவிட்டன. மிஞ்சியவை வரைபடங்களும், 2022-இல் வெளியான பழைய புகைப்படங்களும், கிடந்த இடத்தைப் பற்றிய குறிப்பும்தாம். எடுக்காமல் விட்டால் மழை தின்றுவிடும் என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டி என்னை மடக்கலாம். பாதி சரி. பொருள் அழிந்தது, ஆனால் இடமும் அடுக்கும் அளவும் குறித்து வைத்திருந்ததால் அந்த விலங்கைப் பற்றிய விவாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. குறிப்பில்லாமல் ஒரு வீட்டு அலமாரிக்குப் போயிருந்தால் எலும்பு பத்திரமாக இருந்திருக்கும், விலங்கு காணாமல் போயிருக்கும்.

வெளிநாட்டில் எடுக்க விடுகிறார்களே என்ற வாதமும் உண்டு. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் உதிர்ந்து கிடக்கும் அம்மோனைட்டை யாரும் பொறுக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் மேரி ஆனிங் அங்கே பொறுக்கித்தான் உலகப் புகழ் பெற்றார். அங்கே அலை நாள்தோறும் செங்குத்துக் கரையை அரித்துப் புதியதை உதிர்க்கிறது; பொறுக்காவிட்டால் அடுத்த அலை கொண்டுபோய்விடும். அதோடு முக்கியமான பொருள் கிடைத்தால் பதிவு செய்யும் ஏற்பாடும் இருக்கிறது. இங்கே அலையின் வேலையை ஐப்பசி, கார்த்திகை மழை ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறது; பார்வையாளர் பதிவு செய்ய ஏற்பாடு இல்லை. அது வரும்வரை உங்கள் செல்போன்தான் பதிவேடு. ஏதேனும் அபூர்வமாகப் பட்டால் தொடாமல், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்து ஒரு படம், பத்தடி தள்ளி நின்று சுற்றுப்புறம் தெரிய இன்னொரு படம், இருப்பிடக் குறி. மூன்றையும் வாரணவாசி அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

போவதற்கு ஏற்ற காலம் தையும் மாசியும். மழை புதிதாக அரித்துவிட்ட சரிவுகள் அப்போது காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் காரைக் களிமண் செருப்பில் ஒட்டி ஆளுக்கு இரண்டு கிலோ கூட்டும். சித்திரை வெயிலில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மூடிய செருப்பு, தொப்பி, ஒரு பூதக்கண்ணாடி போதும், சுத்தியல் எடுத்துவராதீர்கள். காரையில் நிழலும் கடையும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பெரம்பலூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.